உண்ண மறுக்கும் நோயும் உதவி கிட்டும் இடமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உணவை மறுத்திருத்தல் புதுமையன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் காப்போர் எழுவான்கரையிலும் உண்டு, படுவான்கரையிலும் உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு மாதத்தில் பகல் முழுதும் தண்ணீரும் பருகார். ஆகவே பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி சோற்றுக் கோப்பையை அப்பால் நகர்த்தினால், அதைப் பக்தியென்றோ, பரீட்சைப் பயமென்றோ, பிடிவாதமென்றோ வீட்டார் எண்ணுதல் இயல்பே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. விரதம் இருப்பவர் பாரணை வேளையை எதிர்நோக்கியிருப்பார். நோயுற்றவரோ அவ்வேளை வருகிறதே என்று அஞ்சுவார்.

இந்நோயை 1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் சார்ள்ஸ் லசேக் என்பவரும் தனித்தனியே விவரித்தனர். 'அனொரெக்சியா நெர்வோசா' என்பது வைத்தியர் வழங்கும் பெயர். 'அனொரெக்சியா' என்றால் பசியின்மை; அது அத்துணைப் பொருத்தமான பெயரன்று. தொடக்கத்தில் பசி இருக்கவே செய்யும். அதை அடக்குவதே நோயாளிக்கு வெற்றியாகத் தோன்றும். அளவின்றி உண்டு, பின் வலிந்து வாந்தியெடுக்கும் மற்றொரு கோளாறுக்கு 1979இல் ஜெரால்ட் ரசல் 'புலிமியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். அந்நோயாளி மெலியாமலும் இருக்கலாம். ஆதலால் வீட்டார் கண்ணிற் படுவதில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் இவை வருவதுண்டு.

உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சத்தையே மேனாட்டு நூல்கள் முதற்குறியாகக் கூறும். ஆனால் ஹொங்கொங்கில் சிங் லீ என்னும் உளமருத்துவர் கண்ட நோயாளிகளிற் பலர் அவ்வச்சத்தைச் சொல்லவில்லை. வயிறு நிறைந்து கிடக்கிறது என்றே முறையிட்டனர். நம் நாட்டுப் பெற்றோர் கருதவேண்டிய செய்தி இது. வயிற்றுப் பொருமல் என்று கசாயம் கொடுப்பதிலும் நூல் கட்டுவதிலும் மாதங்கள் கழிந்துவிடும். நூல் கட்டுதல் குடும்பத்துக்கு ஆறுதல் தருமாயின் தரட்டும். வைத்தியசாலைக்குச் செல்வதைப் பிற்போடாதிருந்தாற் போதும்.

மாதவிடாய் நின்றுபோதல், எந்நேரமும் குளிர்தல், எழுந்தவுடன் தலைசுற்றல், நாடி மிக மெல்ல அடித்தல் ஆகியவை அபாயக் குறிகள். ஓயாத வாந்தியினால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இருதயம் திடீரென நின்றுவிடவுங் கூடும். பலரும் அறியாத ஆபத்து இன்னொன்று: நெடுநாட் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டுதலும் உயிருக்குக் கேடாகும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்களிடத்தில் இது காணப்பட்டது. ஆகையால் மிக மெலிந்த பிள்ளைக்கு முதல் நாட்களில் வைத்தியர் மேற்பார்வையிலேயே உணவளித்தல் வேண்டும்.

இதற்கெனத் தனி வைத்தியசாலை தேடி அலையவேண்டியதில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலும் முதலிற் காட்டலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் படுவான்கரையாருக்கும் பயணம் எளிதாயிற்று. உளமருத்துவப் பிரிவின் வாசலில் மகளை யாரேனும் கண்டால் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே என்னும் அச்சந்தான் இன்னும் பலரைத் தடுக்கிறது. வீட்டில் சொல்லக் கூசும் பிள்ளை, பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமோ, ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வாய் திறக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் இயங்குவது. மயங்கி விழுந்தால் 1990 இலக்க அம்புலன்ஸை அழைத்தல் வேண்டும்.

பெற்றோரைக் குற்றஞ்சாட்டாது அவர்களையே மருத்துவத்துக்குத் துணையாக்கும் முறை இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவாயிற்று. பிள்ளை என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதைச் சிலகாலம் பெற்றோர் பொறுப்பேற்பர். ஒவ்வொரு வேளையும் ஒருவர் உடனிருந்து உண்பர். அம்மம்மாவும் பெரியம்மாவும் அருகிலிருக்கும் வீடுகளுக்கு இது கைவராததன்று. விருந்தினருக்கு மட்டும் முன்னரே சொல்லிவைத்தல் நன்று. "இப்போதுதான் ஆள் தேறிவிட்டாய்" என்று அவர்கள் அன்போடு சொல்வது, அப்பிள்ளையின் செவியில் "பருத்துவிட்டாய்" என்றே விழும். அடுத்த வேளைச் சோறு மீண்டும் கோப்பையிலேயே கிடக்கும். எடை ஏறிய பின்பும் பல மாதங்கள் கிளினிக்குக்கு வரச்சொல்வது இதனாலேயே.