நேர்காணலும் புறத்தோற்றமும்

கலாசாலைப் படிப்பை முடித்து வெளியேறும் மாணாக்கர் ஒவ்வொருவருக்கும், எழுத்துப் பரீட்சைகளுக்குப் பின்னர் மற்றொரு பரீட்சை காத்திருக்கின்றது. உத்தியோகம் அளிப்போர் முன்னிலையில் அமர்ந்து, அவர் வினாவுவனவற்றிற்கு விடை கூறும் நேர்காணலே அது. எழுத்துப் பரீட்சையில் நம் விடைத்தாள் மாத்திரமே பேசுகின்றது. நேர்காணலிலோ, நாம் வாய் திறக்குமுன்னரே நம் தலைமயிரும் நகமும் உடையும் நடையும் பேசத் தொடங்கிவிடுகின்றன. அவற்றை எங்ஙனம் நமக்குச் சாதகமாகப் பேசச் செய்தல் கூடும் என்பதைக் குறித்து, விசேஷமாக எமரால்டு முதலிய நீலகிரி மலையூர்களினின்று வரும் மாணாக்கரை மனத்திற்கொண்டு, ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

புறத்தைக் கண்டு அகத்தை அளத்தல் மனித இயல்பு. எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ்ப்பட்டோரைப் பற்றி அளித்த மதிப்புக்களை ஆராய்ந்து 1920-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேகக்கட்டு, அறிவு, தலைமைத் திறம், ஒழுக்கம் என்பன தனித்தனியே அளக்கத்தக்கவை. ஆயினும் ஒன்றில் உயர்ந்த மதிப்புப் பெற்றவர் ஏனையவற்றிலும் உயர்ந்த மதிப்பையே பெற்றிருக்கக் கண்டார். ஒரு குணத்தின் ஒளி மற்றக் குணங்களின்மேலும் படிந்துவிடுகின்றது என்பது அவர் கண்ட உண்மை. ஒளி படிவதேபோல நிழலும் படியுமன்றோ? கசங்கிய சட்டையைக் கண்டவர், இவன் கணக்கும் கசங்கியதாகவே இருக்கும் என்று தம்மையறியாமலே எண்ணிவிடுகின்றார். இது நியாயமன்று, ஆயினும் நிகழ்வது.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் 1910-ஆம் ஆண்டின் இறுதியில், அப்பொழுது நெல்லூர்க் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ் அவர்களை ஆதரவு நாடிக் காணச் சென்றார். குறுகிய உருவம், பருத்த தேகம், க்ஷவரம் செய்யாத முகம், அத்துணைத் தூய்மையில்லாத தோற்றம், ஆயினும் ஒளிவீசும் கண்கள், கக்கத்தில் நைந்துபோன ஒரு குறிப்புப் புத்தகம்: இவையே முதற் பார்வையில் தம் கண்ணிற் பட்டன என்று ராவ் பிற்காலத்தில் எழுதினார். கணிதத்தில் ஈடுபாடுடையவரும் பொறுமையுள்ளவருமாகிய அவர், ராமாநுஜனைப் பன்முறை வரவழைத்துக் கேட்டார். புத்தகத்தின் பெருமை அதன்பின்னரே அவருக்குப் புலனாயிற்று. மாதந்தோறும் 25 ரூபாய் உதவி கிடைத்தது. 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலையும் கிடைத்தது.

இச்சரித்திரத்தைக் கொண்டு, மேதைக்குத் தோற்றம் வேண்டுவதில்லை என்று சிலர் வாதிப்பர். நாம் அங்ஙனம் கொள்ளோம். வறுமையிலும் நோயிலும் அலைந்த ராமாநுஜனைக் குறைகூறுவார் யாருமிலர். ஆனால் அவர் பெற்ற நல்வாய்ப்பு, பன்முறை கேட்கும் பொறுமையுள்ள ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தமையே. இக்காலத்தில் ஒரு பதவிக்கு நூற்றுக்கணக்கானோர் வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்களே கிடைக்கின்றன. அச்சில நிமிஷங்களுள் ஒன்றையேனும் நம் தோற்றம் உண்டாக்கிய ஐயத்தைப் போக்குவதிற் செலவிடுதல் விவேகமாகாது.

அங்ஙனமாயின் விலையுயர்ந்த கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டுமோ என்று ஏழை மாணாக்கர் கேட்கலாம். தேயிலைத் தோட்டக் கூலியிலும், காரட்டும் உருளைக்கிழங்கும் விளைத்து விற்ற பணத்திலும் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் மலைகளிற் பல. அக்குடும்பத்துப் பிள்ளை பிறரிடம் இரவல் வாங்கிய கோட்டை அணிந்து, அதன் கையிலே தன் விரல்கள் மறைய, அச்சத்தோடு அமர்வதைக் காட்டிலும், தன் அளவிற்குத் தைத்த வெள்ளைச் சட்டையோடு அமர்தல் ஆயிரம் மடங்கு நன்று. கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் நம் பழமொழி, தூய்மையையும் விலையையும் வேறு பிரித்துக் காட்டுகின்றது. விலை செல்வர்க்கே உரியது. தூய்மை எல்லார்க்கும் உரியது. நேர்காண்போர் நம்மிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது பின்னதே.

ஆயினும் மலைநாட்டில் அத்தூய்மையும் சற்று முயன்றே பெறத்தக்கது. எமரால்டுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரே நாளில் 80 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்தது. அத்தகைய பருவத்தில் துவைத்த துணி இரண்டு மூன்று நாளாயினும் உலர்வதில்லை. அடுப்பின்மேற் கட்டி உலர்த்தினால் புகைநாற்றம் பற்றிக்கொள்ளும்; ஈரத்தோடு மடித்தால் முடைநாற்றம் வீசும். ஆதலின் நேர்காணலுக்குரிய உடையை ஒரு வாரத்திற்கு முன்னரே துவைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு வைத்தல் வேண்டும். தோற் பாதரட்சையிற் பூஞ்சணம் பூத்திருத்தல் கூடும். முதல்நாள் இரவிலேயே அதனைத் துடைத்து மெருகிடுக.

நேர்காணல் கோயம்புத்தூரில் எனின் மற்றுஞ் சில உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை உஷ்ணத்திற்குக் கீழே உறைவது. மலையின் குளிரில் உறைந்த எண்ணெயை மிகுதியாகத் தேய்த்துக்கொண்டு புறப்படுவோர், சமவெளியின் வெயிலில் அது உருகி நெற்றியில் வழிய நிற்பர். அன்று எண்ணெய் சிறிதே போதும். மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் பலருக்கு வயிறு குமட்டும். ஆகையால் பழைய சட்டையோடு பஸ்ஸில் இறங்கி, பையிற் கொண்டுசென்ற நல்ல சட்டையை அங்கே மாற்றிக்கொள்ளுதல் உத்தமம். கம்பளித் தொப்பியையும் ஸ்வெட்டரையும் வாயிலுக்கு வெளியிலேயே களைந்து, தலையைச் சீவிக்கொண்டு உட்செல்லுக. நகம் வெட்டுதல், பல் துலக்குதல், முகக்ஷவரம் செய்தல் அல்லது தாடியை ஒழுங்குபடுத்துதல் என்பன சொல்லாமலே அமையும். பெண்மணிகள் ஓசையிடும் வளையல்களையும் மிகுந்த வாசனைத் திரவியத்தையும் அன்றைக்கு விலக்குதல் நலம். கேட்போரின் செவியும் நாசியும் வேறெங்கும் செல்லாதிருத்தல் வேண்டும்.

இனி, எவ்வகை உடை தக்கது என்பது. வேஷ்டியும் புடைவையும் மதிப்பிற் குறைந்தன என்னும் எண்ணம் சிலரிடத்து இன்னும் உண்டு. சென்னையில் ஒரு கிளப்பினுள், வேஷ்டி அணிந்திருந்த காரணத்தால் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே 2014-இல் அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, வேஷ்டியணிந்தோரை அத்தகைய பொதுவிடங்களில் தடுத்தலாகாது எனத் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியருக்கு விதிக்கப்பட்ட உடை முறையிலும், ஆடவர்க்குச் சட்டையோடு கால்சட்டை அல்லது வேஷ்டியும், பெண்டிர்க்குப் புடைவையும், துப்பட்டாவோடு கூடிய சல்வாரும் சுடிதாரும் இடம்பெற்றன. தன் ஊர் உடையைச் செம்மையாக உடுத்தவர் நாணவேண்டுவதில்லை. ஒரு வேளை அவ்வலுவலகத்திற்கெனத் தனி வழக்கம் இருப்பின், அதனை முன்னரே விசாரித்தறிதல் நன்று.

நாணத்தைப் பற்றிப் பேசுமிடத்து மற்றொன்றும் கூறவேண்டும். விடுமுறைகளிற் பெற்றோரோடு கொழுந்து பறித்த மாணாக்கரின் விரல்களிற் கருமை படிந்திருக்கும். இலையின் சாறு காற்றோடு கலந்து கருகுவதால் வருவது அது. பச்சிலையைக் கருந்தேயிலையாக மாற்றும் அதே இரசாயன மாறுதலே விரலிலும் நிகழ்கின்றது. எலுமிச்சைச் சாறு அதனைச் சிறிது வெளுப்பிக்கும், முற்றும் போக்காது. நகக்கண்ணிலுள்ள மண் அழுக்கு; அதனைக் கழுவுக. விரலிலுள்ள கறை உழைப்பின் அடையாளம். அதனை மேசைக்கடியில் மறைக்கவேண்டா.

இக்கலாசாலையின் பழைய மாணவருள் சிலர் இந்நாளில் நேர்காணும் நாற்காலியில் அமர்ந்திருத்தல் கூடும். அவர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்று: தூய்மையில்லாமையைக் குறையாகக் கொள்ளுங்கள், வறுமையைக் குறையாகக் கொள்ளாதீர்கள். நைந்த புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை ராமச்சந்திர ராவுக்கு இல்லாதிருந்தால் இழப்பு ராமாநுஜனுக்கு மாத்திரமோ?

மாணாக்கர்க்கோ, தோற்றம் வாயிலைத் திறக்கும் திறவுகோல் என்போம். வாயிலுக்கு உள்ளே நம்மை நிறுத்துவன கற்ற கல்வியும் மெய்யுரையும் பணிவுமேயாம். ஆயினும் திறவுகோலைத் துருப்பிடிக்க விட்டவர், வாயில் திறக்கவில்லையே என்று பிறரை நோவதிற் பயனில்லை.