ஒளிக் கணக்கு - 7: யுரேனஸ் வளையமும் கிராபிக்ஸ் கார்டும்

சென்ற வாரம் 1962-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டைப் பார்த்தோம். பீட்டர் சாம்சன் அதன் திரையில் நிஜ நட்சத்திரங்களையே அவற்றுக்குரிய இடத்தில் புள்ளிகளாக வைத்திருந்தார். வெறும் புள்ளியாக இருந்த அந்தத் திரைக்குப் பளபளப்பும் நிழலும் எப்படி வந்தன? அதைத் தெரிந்துகொள்ள ஜவ்வாது மலைக்குப் போவோம்.

மலையில், ஆலங்காயத்துக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். வானியலாளர் வைணு பாப்பு தேடித் தேர்ந்தெடுத்த இடம். 1972-இல் இங்கே 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக் கடக்கவிருந்தது. கோள் வந்து சேரும் முன்பே, அந்த நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவும் இப்படிப்பட்ட மங்கல்களைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான். வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஒளி எவ்வளவு குறைந்தது, எத்தனை நொடி குறைந்தது என்ற அளவிலிருந்து ஒரு பொருளின் உருவம் பிடிபட்டது.

இதே கணக்கை மறுதிசையில் போட்டவர் கணினி வரைகலை ஆய்வாளர் ஜிம் பிளின். பொருளின் உருவம் தெரியும். அதன்மேல் ஒளி பட்டால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? துலக்கிய பித்தளைக் குடத்தில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு இருக்கும் திசைக்கும் கண் இருக்கும் திசைக்கும் நடுத்திசையை எடுத்துக்கொண்டு, குடத்தின் பரப்பு எங்கே அதை நோக்கியிருக்கிறதோ அங்கே மினுக்கம் என்று எளிய சூத்திரம் ஆக்கினார். அதை அவர் வெளியிட்டதும் 1977-இல்தான். பிறகு நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், வாயேஜர் விண்கலங்களின் பயணத்தைக் கணினிப் படங்களாக்கினார். சனியின் வளையத்துத் தூசு ஒளியைச் சிதறடிக்கும் விதத்துக்குத் தனிச் சூத்திரமே எழுதினார்.

1980-இல் டர்னர் விட்டட் இன்னும் ஆழமாகப் போனார். கண்ணிலிருந்து ஒவ்வொரு கதிராகப் பின்தொடர்ந்து, அது எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்கிடும் ‘ரே டிரேசிங்’ அவருடையது. கண்ணாடிக் கோளங்கள் கொண்ட அவருடைய புகழ்பெற்ற படம், வேக்ஸ் 11/780 கணினியில் 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. படத்தில் இருந்தவை சுமார் 3 லட்சம் புள்ளிகள்தான். அதே மாடல் கணினி 1980-களின் பிற்பாதியில் காவலூரில் நிறமாலைகளை அலசிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கணினிக்கு இந்த ஒளிக் கணக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1996-இல் வந்த வூடூ கிராபிக்ஸ் கார்டு, முக்கோணங்களின்மேல் படம் ஒட்டும் வேலையை மட்டும் செய்தது; ஒளிக் கணக்கைப் பிராசசரே போட்டது. 1999-இல் ஜீஃபோர்ஸ் 256 ஒளிக் கணக்கையும் கார்டுக்குள் கொண்டுவந்தது. அங்கே ஓடியது பிளின் சூத்திரம். 2018-இன் ஆர்டிஎக்ஸ் கார்டுகள் விட்டட்டின் கதிர்களை நொடிக்குப் பலமுறை ஓடவிட்டன. முழு எச்டி திரையில் 20 லட்சம் புள்ளிகள். எல்லாக் கதிர்களையும் கணக்கிட நேரமில்லை. எனவே ஒரு புள்ளிக்குச் சில கதிர்களை மட்டும் விட்டு, மிச்சத்தை இரைச்சல் நீக்கும் கணக்கால் நிரப்புகிறார்கள். குறைந்த ஒளியிலிருந்து உண்மையை மீட்கும் இந்தப் பாடு வானியலாளருக்குப் பழகியதுதான்.

கார்டு வாங்கும்போது எத்தனை ஜிபி, எத்தனை எஃப்பிஎஸ் என்றுதான் கேட்கிறோம். அது தேவையான கேள்விதான். ஆனால் அந்தக் கார்டு ஓயாமல் போடும் கணக்கு, ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்ற இயற்பியல். செட்டிங்ஸில் ரே டிரேசிங்கை ஆன் செய்து, ஆஃப் செய்து, தரையில் விழும் நிழலை ஒப்பிடுகிற பிள்ளை ஒளியியல் சோதனை செய்கிறது. ‘விளையாடினது போதும்’ என்று அணைக்கும் முன், அந்த நிழல் ஏன் மாறியது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க வேண்டும். பள்ளிப் பாடத்துக்கு அதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம்: விளையாட்டுக்கென்று செய்த கார்டு, ஆராய்ச்சிக்கூடங்களுக்குள் நுழைந்த கதை.