புகைக்காத வாதி

புகையிலை உடலுக்குக் கேடு என்பதைப் படித்தவரும் படியாதவரும் அறிவர். அதை எடுத்துரைக்க நான் வரவில்லை. அமெரிக்க மாநில அரசுகள் சிகரெட் கம்பெனிகள் மீது தொடுத்த வழக்குகளில் உள்ள ஒரு சட்ட நுணுக்கத்தையே இங்கு விளக்க விழைகிறேன். பொருளியல் மாணவனாகிய எனக்கு அது முதலில் வெறும் செலவுக் கணக்காகத்தான் தெரிந்தது.

அந்நாட்டில் 1954 முதலே நோயுற்ற தனி மனிதர்கள் வழக்காடி வந்தனர். நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் இழப்பீடாக ஒரு காசும் பெறவில்லை! கம்பெனிகளின் வாதம் ஒன்றே: "தெரிந்துதானே புகைத்தாய்?" சிப்பொலோன் என்ற பெண்மணி நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 1988-இல் நியூஜெர்சி ஜூரியினர் 80 விழுக்காடு பொறுப்பை அவர்மீதே சுமத்தினர். அவருடைய கணவருக்கு அளித்த 4 இலட்சம் டாலரும் மேல்முறையீட்டில் பறிபோயிற்று.

1994 மே மாதம் மிசிசிப்பி மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர் தொடுத்த வழக்கில் வாதி மாறினார். ஏழைகளுக்கு அரசு செலவில் மருத்துவம் அளிக்கும் திட்டம் அங்கு உண்டு. மெடிக்கெய்ட் என்று பெயர். புகைத்தவரின் மருத்துவச் செலவை அரசு ஏற்றது. இலாபத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. "நாங்கள் ஒரு சிகரெட்டும் புகைக்கவில்லை, எங்கள் செலவைத் திருப்பிக் கொடுங்கள்" என்பதே மாநிலத்தின் வாதம். பழைய கேள்வியை இந்த வாதியிடம் எப்படிக் கேட்பது?

அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஏழு கம்பெனித் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்று தாங்கள் நம்பவில்லை என்றனர். அவற்றுள் ஒன்றின் சட்ட ஆலோசகர் 1963-லேயே அது அடிமைப்படுத்துவது என எழுதிவைத்த குறிப்பு சில வாரங்களில் பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது.

மின்னசோட்டா மாநிலம் பணத்தோடு நில்லாமல், கம்பெனிகளின் உள் ஆவணங்களையும் விடாப்பிடியாகக் கேட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையே நடந்தவை இரகசியம் என்ற சலுகையைக் காட்டிக் கம்பெனிகள் பல தாள்களை மறைத்தன. சுமார் 39,000 ஆவணங்கள் தொடர்பாக அச்சலுகை செல்லாது என்று நீதிமன்றம் மறுத்தது. வழக்கு ஜூரியின் முடிவுக்குப் போகவிருந்த நேரத்தில், 1998 மே 8 அன்று, கம்பெனிகள் இறங்கிவந்தன. மாநிலத்திற்கு 610 கோடி டாலர். அத்துடன் ஏறக்குறைய 3.5 கோடிப் பக்கங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. நாளுக்கு 1,000 பக்கம் படித்தாலும் 95 ஆண்டுகள் ஆகும். தேர்வுக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைத் திறக்கும் நம்மால் ஆகிற காரியமன்று! என் கருத்தில், கிடைத்த பணத்தைவிட இந்தத் தாள்களே பெரிய வெற்றி.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? மிசிசிப்பி, ஃபுளோரிடா, டெக்சாஸ், மின்னசோட்டா ஆகிய நான்கும் தனித்தனியே உடன்பாடு கண்டபின், எஞ்சிய 46 மாநிலங்கள் 1998 நவம்பரில் ஒரே ஒப்பந்தம் செய்தன. 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் என்று மதிப்பிட்டனர். ஆனால் இது மொத்தமாக வந்த அபராதம் அன்று. ஆண்டுதோறும் வரும் தவணை. சிகரெட் விற்பனை குறைந்தால் தவணையும் குறையும். கம்பெனிகள் விலையை உயர்த்தின. ஆகவே பணம் புகைப்பவர் சட்டைப்பையிலிருந்தே வந்தது. புகைத்தடுப்புக்குச் செலவிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் மாநிலங்களுக்கு இல்லை. பல மாநிலங்கள் வரவிருக்கும் தவணைகளைக் காட்டிக் கடன் பத்திரங்கள் விற்று, முன்கூட்டியே செலவழித்தன. வழக்காடிய அரசே எதிரியின் விற்பனை சரியாதிருக்க வேண்டும் என்று எண்ணும் நிலை! வருவாயையும் நலத்தையும் ஒரே பேரேட்டில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

மத்திய அரசு 1999-இல் வேறு வழக்குத் தொடுத்தது. திட்டமிட்டுக் குற்றம் புரியும் கும்பல்களை ஒடுக்க இயற்றிய சட்டத்தையே கம்பெனிகள் மீது ஏவியது. 28,000 கோடி டாலர் கேட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அதற்கு இடமில்லை என்றது. எனினும், கம்பெனிகள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். அவர்களின் சொந்தத் தாள்களே அதற்குச் சான்றாயின. 'லைட்' போன்ற சொற்களைப் பெட்டியில் அச்சிடவும் தடை விதித்தார். உண்மையைத் தம் செலவிலேயே விளம்பரம் செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டார். விளம்பர வாசகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் கம்பெனிகள் வழக்காடின. நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் அது வெளிவரத் தொடங்கியது 2017 நவம்பரில்தான்.