மழை வருமுன் கிட்டங்கியும் வீடும்



குளிர் தேசங்களில் பனிக்காலம் தொடங்குமுன் சன்னல் இடுக்குகளை அடைத்து, எரிபொருள் சேர்த்து, வீட்டைத் தயார் செய்வார்கள். நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் மார்கழிப் பனிக்கு ஒரு கம்பளி போதும். நமக்குள்ள சோதனை அதற்கு முன்பே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையாகவும் புயலாகவும் வருகிறது. மழைக்கு ஏங்கியே பழகிய மாவட்டமாதலால், மழையால் வரும் நட்டத்தை நாம் முன்கூட்டி நினைப்பதில்லை. நானும் நினைக்காதவன்தான். 2018-ஆம் ஆண்டு எனக்குப் பாடம் கற்பித்தது.

அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நம் மாவட்டத்தையும் உலுக்கியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்து கிடந்த காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. விற்றது போக மீதமிருந்த சீனியும், கார்த்திகைத் தீபத்திற்காக இறக்கிய வெல்லமும் நான் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டாவது கிட்டங்கியில் இருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விடிந்து போய்ப் பார்த்தபோது கூரையில் பாதி இல்லை. 40 மூட்டை சீனி கரைந்து பாகாகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாலிசியை எடுத்துப் பார்த்தால், அதில் கடையின் முகவரி மட்டுமே இருந்தது. இரண்டாவது கிட்டங்கியைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கவே இல்லை. ஒரு ரூபாய்கூட வரவில்லை. குற்றம் என்னுடையது. அதோடும் முடியவில்லை. அழிந்துபோன சரக்கிற்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு எடுக்க முடியாது, எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் 17(5) பிரிவு. அதையும் கட்டினேன்.

எனவே புரட்டாசி பிறந்ததும் நான் செய்து வரும் வேலைகளை இங்கே எழுதுகிறேன்.

கூரையும் தளமும்

மாடியில் சேர்ந்த சருகுகளை அள்ளி, மழைநீர் வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். தளத்தில் நீர் தேங்கினால்தான் கீழே ஓதம் இறங்கும். வெடிப்புகளை வெயில் இருக்கும்போதே பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் பிடிக்காது. ஓட்டு வீடானால் உடைந்த ஓடுகளை மாற்றி, நூறு ஓடு கையிருப்பு வைத்துக்கொள்ளலாம். தகரக் கூரையில் கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்துள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காற்று கூரையைத் தூக்குவது தளர்ந்த ஓரத்திலிருந்துதான்.

சரக்கு அடுக்குதல்

மூட்டையை வெறும் தரையில் வைக்கக் கூடாது. மரக்கட்டை அடுக்கி, அதன்மேல் அட்டி போட வேண்டும். சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளியிருக்கட்டும். காற்றும் புகும், ஆளும் போகலாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆகையால் உப்பு மூட்டையைச் சீனி, பருப்பு, தீப்பெட்டி இவற்றின் அருகில் வைக்க வேண்டாம். மழை மாதங்களில் வெல்லத்தையும் மிளகாய் வற்றலையும் வார விற்பனைக்கு வேண்டிய அளவே வாங்குவது நலம்.

நிலக்கடலையில் தனிக்கவனம் தேவை. ஈரம் பட்ட பருப்பில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதும் நீங்காது. பூஞ்சணம் கண்ட பருப்பைப் பொறுக்கிவிட்டு விற்கலாம் என்று எண்ணாதீர்கள்.

வண்டு அடிக்கிறது என்று நச்சுவாயு மாத்திரையை வாங்கி வந்து தாமே வைப்பவர்கள் உண்டு. கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் உள்ள நமக்கு இது உயிருக்கு ஆபத்து. அதை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே கையாள வேண்டும்.

மின்சாரமும் காகிதமும்

வீட்டுக்கும் கடைக்கும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துங்கள். ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஷட்டரை இறக்கி ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். சரக்கு இருக்கும் எல்லா இடங்களின் முகவரியும் அதில் உள்ளதா? புயல், வெள்ளம் இரண்டுக்கும் காப்பு உண்டா? பண்டிகைக் காலத்து உச்ச இருப்புக்குப் போதுமான தொகையா? 2021 ஏப்ரல் முதல், 5 கோடி ரூபாய் வரையுள்ள சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசியும், வீட்டுக்கு ‘பாரத் கிருக ரக்ஷா’வும் நடைமுறையில் உள்ளன. இருப்புப் புத்தகம், கொள்முதல் பில் இவற்றின் நகலை வேறிடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கஜாவுக்குப் பிறகு மெழுகுவர்த்திக்கு வாய்க்கு வந்த விலை சொன்னவர்கள் உண்டு. எங்கள் தெருவில் ஒரு சிறு கடைக்காரர், அச்சிட்ட விலைக்கே, வீட்டுக்கு இரண்டு பாக்கெட் என்று அளந்து கொடுத்தார். அன்று அவர் கல்லாவில் குறைந்தது சில நூறு ரூபாய் இருக்கும். இன்றும் அந்தக் கடையில் கூட்டம் குறையவில்லை. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பேட்டரி, பால்பவுடர் ஆகியவற்றைப் புரட்டாசியிலேயே கூடுதலாக வாங்கி வையுங்கள். நம் வீட்டைக் காப்பதுபோல் நம்மை நம்பிய நாலு வீட்டையும் காப்பது வணிகரின் கடமையாகும்.