பழைய பாட்டில் ஒளிந்திருக்கும் கிடார் கார்டு: கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ இருந்து கொண்டு கிடார் கற்பவர்களுக்குச் சந்தேகம் கேட்க அடுத்த தெருவில் ஆசிரியர் இருப்பதில்லை. மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். இளையராஜா இசையில் வந்த "என் இனிய பொன் நிலாவே" (மூடுபனி, 1980), "இளைய நிலா" (பயணங்கள் முடிவதில்லை, 1982) போன்ற பாடல்களை வாசிக்க ஆசை இருக்கும். ஆனால் தெரிந்த மேஜர், மைனர் கார்டுகளைப் போட்டால் ஓரிரு இடங்களில் ஒட்டாது. அந்த இடத்தில் என்ன கார்டு என்று கண்டுபிடிக்க, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே உதவும்.

முதலில் கார்டு என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களின் சேர்க்கையே கார்டு. சி, இ, ஜி மூன்றும் சேர்ந்தால் சி மேஜர். இதனுடன் பி சேர்ந்தால் சி மேஜர் 7. ஜாஸ் இசையில் இத்தகைய நான்கு சுரக் கார்டுகள் சர்வ சாதாரணம். நம் காதுக்குப் புதிதாகத் தோன்றுவது பெரும்பாலும் இந்த நான்காவது சுரம்தான்.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச புரோகிராம் போதும். அதன் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். பின்னர்:

1. பாடல் பைலைத் திறந்து, சந்தேகமான இடத்தை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள்.

2. எபெக்ட் மெனுவில் சேஞ்ச் டெம்போ தேர்ந்தெடுத்து, பெர்சென்ட் சேஞ்ச் கட்டத்தில் -50 என்று தாருங்கள். வேகம் பாதியாகும், சுருதி மாறாது. லூப் பட்டனை அழுத்தித் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

3. எல்லாவற்றிற்கும் அடியில் ஒலிக்கும் சுரத்தை முதலில் கிடாரில் தேடிப் பிடியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மேலே செல்லுங்கள்.

4. கண்ட்ரோல் + இசட் அழுத்திப் பழைய வேகத்திற்கு வாருங்கள். கார்டு நீடித்து ஒலிக்கும் அரை விநாடியையாவது தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்திடவும். சைஸ் 16384 என வைக்கவும். வரைபடத்தின் சிகரங்கள் மீது கர்சரைக் கொண்டு சென்றால் சுரத்தின் பெயர் தெரியும்.

அடிச் சுரத்திற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சி 6 கார்டில் சி, இ, ஜி, ஏ உள்ளன. ஏ மைனர் 7 கார்டிலும் இதே நான்கு சுரங்கள்தான்! அடியில் சி இருக்கிறதா, ஏ இருக்கிறதா என்பதைப் பார்த்தே பெயர் வைக்க வேண்டும்.

வரைபடத்தை அப்படியே நம்பியும் விடக் கூடாது. கிடாரின் தடித்த இ கம்பியை மட்டும் மீட்டினால் 82.4 ஹெர்ட்ஸ் வரும். கூடவே அதன் மடங்குகளும் ஒலிக்கும். மூன்று மடங்கான 247 பி சுரம். ஐந்து மடங்கான 412 ஏறத்தாழ ஜி ஷார்ப். அதாவது ஒரே கம்பி, வரைபடத்தில் இ மேஜர் கார்டு போலத் தெரியும்! தானாகவே கார்டு சொல்லும் புரோகிராம்களும் தளங்களும் சறுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கேசட்டிலிருந்து பதிவு செய்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒயரில் அதன் இரைச்சல் கலந்தால் 50, 100 ஆகிய இடங்களில் சிகரம் வரும். புரோகிராம் இவற்றை ஜி சுரம் என்று காட்டும். பாடல் தொடங்கும் முன் உள்ள மௌனப் பகுதியைச் சோதியுங்கள். அங்கும் அதே சிகரங்கள் இருந்தால் அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த வழிக்குப் புகழ் பெற்ற முன்னோடி உண்டு. பீட்டில்ஸ் குழுவின் "எ ஹார்ட் டேஸ் நைட்" (1964) பாடலின் முதல் கார்டு எது என்று நாற்பது ஆண்டுகள் விவாதம் நடந்தது. 2004ல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன், அந்த ஒலியைக் கம்ப்யூட்டரில் பிரித்து ஆராய்ந்து, கிடார்களுடன் ஒரு பியானோவும் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். கிடாரை மட்டும் வைத்துத் தேடியவர்களுக்கு அது பிடிபடாததில் வியப்பில்லை.

உங்கள் பாடலிலும் கிடாருடன் கீபோர்டோ வயலினோ சேர்ந்திருக்கலாம். எனவே கம்ப்யூட்டர் காட்டும் சுரங்களைக் குறித்துக் கொண்டு, கிடாரில் வாசித்து, பாடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டினால் அதுதான் விடை. இறுதித் தீர்ப்பு உங்கள் காதுக்கே.