கடலின் சூட்டைக் குடிக்கும் புயல்

கிரேக்க நாட்டின் தெசாலிச் சமவெளி பருத்தி விளையும் பூமி. 2023 செப்டம்பர் முதல் வாரத்தில், அறுவடை நெருங்கிய வேளையில், டேனியல் புயல் அங்கே மழையைக் கொட்டியது. மலைச்சரிவிலுள்ள சாகோரா என்ற ஊரில் ஒரே நாளில் 754 மில்லி மீட்டர் மழை பதிவாயிற்று. பினியோஸ் ஆறு கரை புரண்டு வயல்களை மூழ்கடித்தது. ஆடு, மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

பின்னர் அப்புயல் மத்தியதரைக் கடலின் மேல் சில நாட்கள் தங்கி, வெப்ப மண்டலப் புயலின் குணத்தைப் பெற்று, செப்டம்பர் 10ஆம் தேதி லிபியாவைத் தாக்கியது. டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

புயலுக்குத் தீனி கடலின் வெப்பமாகும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஆவி மேகமாக மாறும்போது அவ்வெப்பம் வெளிப்பட்டுப் புயலை வலுப்படுத்துகிறது. ஆனால் அதே காற்று கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டு வருகிறது. தொழி உழும்போது அடிமண் மேலே வருவதில்லையா, அதைப் போல! இவ்வாறு புயல் தன் தீனியைத் தானே குறைத்துக் கொள்கிறது.

புயலைக் கணிப்பொறியில் கணக்கிடும் முறையில் இங்குதான் சிக்கல். காற்றை மட்டும் கணக்கிட்டு, கடலின் வெப்பம் மாறாது என்று வைத்துக்கொண்டால், புயலின் வலு உள்ளதைவிடக் கூடுதலாக வரக்கூடும். ஆகவே கடலுக்கு ஒரு கணக்கு, காற்றுக்கு ஒரு கணக்கு என இரண்டையும் இணைத்து, ஒன்றின் விடையை மற்றதற்கு அவ்வப்போது ஊட்டும் முறை இன்று கையாளப்படுகிறது. நம் வங்கக் கடல் புயல்களுக்கும் இம்முறை பயன்படுகிறது. வங்கக் கடலில் ஆறுகள் கொண்டு சேர்க்கும் நன்னீர் மேலே மிதந்து, அடி நீர் எளிதில் கலக்காமல் தடுப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியுள்ளது.

கணக்கு எவ்வளவு திருந்தினாலும் அது புயலைத்தான் சொல்லும். வாய்க்காலும் வடிகாலும் தாங்குமா என்று சொல்லாது. லிபியாவில் மூன்று நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அணைகளின் நிலை பற்றி அதில் ஒன்றுமில்லை. எனவே புயல் அறிவிப்பைக் கேட்கும் உழவர், காற்றின் வேகத்தோடு மேட்டுப் பகுதியில் எவ்வளவு மழை எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் கேட்டறிதல் நலம்.

தெசாலியில் கார்லா என்றொரு ஏரி இருந்தது. 1962இல் அதை வடித்து வயலாக்கினர். டேனியல் மழையில் ஏரி தன் இடத்திற்கே திரும்பி வந்தது. மழை ஓய்ந்து பல மாதங்களாகியும் அந்த வயல்களில் தண்ணீர் நின்றது.