லவ்பேர்டு வளர்க்க விரும்புவோர் முன்னதாகச் செய்ய வேண்டுவன

வீட்டில் ஒரு பக்ஷி இருந்தால் குழந்தைகளுக்கு உற்சாகமும், வேலை முடிந்து வருவோர்க்கு ஆறுதலும் உண்டாகும் என்பது யாவரும் அறிந்ததே. திருப்பூருக்கு வடபுறத்தில் உள்ள நெருப்பெரிச்சல், முன்னர்த் தனி ஊராட்சியாக இருந்து, 2011ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. காட்டு வேளாண்மையையும் பனியன் வேலையையும் அடுத்தடுத்துக் காணக்கூடிய இத்தகைய ஊர்களில், மாடு கட்டுவதற்கு இடமில்லாது போன வீட்டிலும் ஒரு கூண்டு மாட்டுவதற்கு இடம் இருக்கும். ஆகவே லவ்பேர்டு வாங்கி வளர்க்க வேண்டுமென்ற ஆசை பலருக்கு உண்டாவது இயல்பே.

ஆனால் ஆசையோடு வாங்கி வந்த பறவை சில நாட்களுக்குள் இறந்துபோய், குழந்தைகள் அழுவதும் உண்டு. பறவையை வாங்குவது ஒரு நாள் வேலை; அதனை வைத்துக் காப்பாற்றுவது பத்துப் பதினைந்து வருஷத்து வேலை. பறவை வருமுன் வீட்டை ஆயத்தம் செய்தவர்களுக்கே இவ்வேலை சுலபமாகும். நெசவும் தையலும் நிறைந்த இப்பகுதிக்கே உரிய சில அபாயங்களும் இருப்பதால், அவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

பெயரால் நேரும் குழப்பம்

நம் நாட்டுக் கடைகளில் லவ்பேர்டு என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு பறவைகள் விற்கப்படுகின்றன. ஒன்று பட்ஜி என்பது. இது ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளிகளுக்குரியது. ஜான் கூல்டு என்னும் பறவை நூலார் 1840ஆம் ஆண்டில் இதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன் பின்னர் உலகெங்கும் பரவிற்று. நீண்ட வாலும், தலையின் பின்புறத்திலும் முதுகிலும் அலையலையான கோடுகளும் உடையது. 30 முதல் 40 கிராம் எடையிருக்கும்.

மற்றொன்றே உண்மையான லவ்பேர்டு. கடைக்காரர்கள் இதனை ஆப்பிரிக்கன் லவ்பேர்டு என்பர். இதன் சாஸ்திரப் பெயராகிய அகபோர்னிஸ் என்பது, கிரேக்க மொழியில் அன்பு, பறவை என்னும் பொருள் தரும் இரு சொற்களால் ஆகியது. இதில் ஒன்பது இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும், ஒன்று மடகாஸ்கர் தீவுக்கும் உரியவை. குட்டையான வாலும், தடித்து வளைந்த அலகும், ஏறக்குறைய 50 கிராம் எடையும் உடையது. ரோஜா முகமுள்ள இனமும், பிஷர் என்னும் இனமும், கரிய முகமுடைய இனமும் வளர்ப்போரிடம் மிகுதி.

இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். பட்ஜி சாதுவானது, சாதாரணமாக 5 முதல் 10 ஆண்டுகள் வாழும். லவ்பேர்டு 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும், குரல் கீச்சென்று உரத்திருக்கும், அலகு கூர்மையானது, தன் கூண்டைத் தன் எல்லையாகக் கருதி, கைவிடுவோரைக் கடிக்கும். இரண்டையும் ஒரே கூண்டில் விடலாகாது. லவ்பேர்டு பட்ஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டித்துவிடக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள நெருக்கமான வீட்டுக்குப் பட்ஜியே ஏற்றது. இடமும் பொழுதும் உடையோர் லவ்பேர்டை நாடலாம்.

பட்ஜியில் வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேற்புறம் பெரும்பாலும் நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். மேலே கூறிய மூன்று லவ்பேர்டு இனங்களிலோ ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இறகைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனையே நிச்சயமானது. ஆதலால் "ஆண் பெண் ஜோடி" என்ற வாய்ச்சொல்லுக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றா, இரண்டா?

தனித்த லவ்பேர்டு ஏக்கத்தால் இறந்துவிடும் என்பது உண்மையன்று. எனினும் அது கூட்டமாக வாழும் சுபாவமுடையது. வீட்டில் யாரேனும் நாள்தோறும் சில மணி நேரம் அதனோடு பழக இயலுமானால் ஒன்று போதும். எல்லோரும் காலை ஷிப்டுக்குச் சென்று இரவில் திரும்பும் வீடாயின் இரண்டாகவே வாங்குதல் நலம். முதல் வருஷத்தில் முட்டையிடும் பெட்டி வைக்க வேண்டாம். இளம் பெட்டைகளுக்கு முட்டை அடைத்துக்கொண்டு உயிர்ச்சேதம் நேர்வதுண்டு.

சட்டம் கூறுவது

நம் நாட்டுப் பச்சைக்கிளி, மைனா, முனியா முதலியவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பட்ஜியும் லவ்பேர்டும் அயல்நாட்டுப் பறவைகள் ஆதலால் அவற்றை வளர்க்கத் தடையில்லை. ஆயினும் அச்சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளியாயின. சர்வதேச வாணிப உடன்படிக்கையின் அட்டவணைகளில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர், அவை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தல் வேண்டும். ரோஜா முக லவ்பேர்டும் பட்ஜியும் அவ்வட்டவணைகளில் இல்லை. பிஷர் இனமும் கரிய முக இனமும் உண்டு. எனவே இன்ன இனம் என்பதை எழுதி, ரசீது பெற்றே வாங்குக. ஐயமிருப்பின் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிக. வளர்ப்புப் பிராணி விற்கும் கடைகள் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் அறியத்தக்கது.

கூண்டு

வட்டக் கூண்டு பார்வைக்கு அழகாயினும் பறவைக்கு உதவாது. பறவை மேலெழும்புவதைவிடப் பக்கவாட்டில் பறப்பதே அதிகம். ஆதலால் உயரத்தைவிட நீளமே முக்கியம். ஒரு ஜோடிக்கு 32 அங்குல நீளமும், 20 அங்குல அகலமும், 20 அங்குல உயரமும் குறைந்த அளவாகக் கொள்க. கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மேலே தூக்கும் கதவை லவ்பேர்டு அலகாலேயே திறந்துவிடும். கொக்கி ஒன்று மாட்டுதல் அவசியம்.

புதிய துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையில் கூண்டு செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. பறவை கம்பியைக் கடித்துத் துத்தநாகத் துகளை விழுங்கினால் விஷமாகும். வலையைப் புளிக்காடி தொட்ட தூரிகையால் நன்கு தேய்த்து, பலமுறை கழுவி, வெயிலில் உலர்த்திய பின்னரே உபயோகிக்க வேண்டும். இயன்றவர்கள் எவர்சில்வர்க் கம்பிக் கூண்டையே வாங்குக.

உட்காருவதற்கு வேம்பு அல்லது கொய்யாக் கிளைகளை அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலப் பருமனில் வெட்டி வைக்கலாம். மருந்து தெளித்த மரத்தின் கிளை ஆகாது. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் எப்போதும் அமர்ந்தால் பாதத்தில் புண் உண்டாகும்.

வைக்கும் இடம்

அடுக்களையில் வைக்கலாகாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் அளவுக்குமேல் காய்ந்தால் வெளிவரும் ஆவி மனிதர்க்குத் தெரியாமலே பறவையைச் சில நிமிஷங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, வர்ண வாடை ஆகியவையும் தீயன. சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரையின் கீழும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் உள்ள வெப்பம் பறவைக்கு ஆபத்து. வாயைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கி நின்றால் உடனே நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுக. பூனை, எலி, பாம்பு அணுகாதபடி சுவரையொட்டி, மார்பளவு உயரத்தில் கூண்டு இருத்தல் நலம். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். இரவெல்லாம் மிஷின் ஓடும் அறை இதற்கு உதவாது.

பஞ்சும் நூலும்

இப்பகுதி வீடுகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே. பிசிறு வெட்டும் வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடப்பதுண்டு. ஓவர்லாக் மிஷினிலிருந்து வரும் நூலும், பனியன் வெட்டுத் துண்டும் எங்கும் கிடக்கும். குளிருக்கு இதமாயிருக்கும் என்று எண்ணி அத்துண்டுகளைக் கூண்டில் போடுவது பெருந்தீங்கு.

கிழித்துச் சேர்ப்பது லவ்பேர்டின் பிறவிக் குணம். ரோஜா முக இனத்துப் பெட்டை, இலையையும் பட்டையையும் நீளநீளமாகக் கிழித்து, முதுகின் கீழிறகுகளுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும். பிஷர் இனமோ அலகில் கவ்விச் செல்லும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்கர் இவ்விரு இனங்களையும் கலந்து குஞ்சு பொரிக்கச் செய்து, 1962ஆம் ஆண்டில் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். கலப்பினப் பறவைகள் இறகில் செருக முயன்று முயன்று தவறவிட்டன. செருகும் குணம் கற்பித்து வந்ததன்று, இரத்தத்தில் வந்தது என்பது இதனால் விளங்கிற்று.

அத்தகைய பறவையின் முன் நூலைப் போட்டால் அது கிழிக்காதிராது. நூலோ ஓலை போல் அறுந்துபோவதன்று. காலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும். விழுங்கினால் இரைப்பையில் முடிச்சாகும். ஆகையால் தையல் நடக்கும் அறையில் கூண்டு வேண்டாம். கூண்டை மூடும் துணியும் பிசிறில்லாததாய், ஓரம் மடித்துத் தைத்ததாய் இருத்தல் வேண்டும். கிழித்து விளையாடப் பச்சைத் தென்னங்கீற்று, கழுவிய பனையோலை, அச்சிடாத காகிதம் இவற்றைக் கொடுக்கலாம். நாள்தோறும் மாலையில் இரு கால்களையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் நன்று.

ஆகாரமும் ஜலமும்

தினை, சாமை, வரகு, கம்பு ஆகியவை நம் புன்செய்க் காடுகளில் விளைபவையே. தினையை முதன்மையாகக் கொண்டு இவற்றைக் கலந்து கொடுக்கலாம். ஆனால் விதைப்புக்கென்று வைத்திருக்கும் தானியத்தை ஒருபோதும் கொடுக்கலாகாது. விதைநேர்த்தி செய்த வித்தில் பூச்சிமருந்தும் பூஞ்சணமருந்தும் பூசப்பட்டிருக்கும். சிவப்பு அல்லது வேறு சாயம் ஏற்றியிருப்பதே அதன் அடையாளம். கழுவினாலும் அது தீவனமாகாது. பூஞ்சணம் பிடித்த சோளமும் நிலக்கடலையும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையன.

தானியம் மட்டுமே தின்னும் பறவைக்கு ஏ வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் குறையும். முருங்கைக் கீரை, கொத்தமல்லித் தழை, காரட் ஆகியவற்றை நன்கு கழுவி நாள்தோறும் சிறிது கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டி வைக்கலாம். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, டீ, உப்புப் பண்டம், வெங்காயம் ஆகியவை ஆகா.

பறவை தானியத்தின் உமியை உரித்துக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே உமி நிறைந்திருப்பதைக் கண்டு ஆகாரம் இருப்பதாக எண்ணி ஏமாந்தால் பறவை பட்டினியாகிவிடும். காலை மாலை இருவேளையும் உமியை ஊதிவிட்டுப் பார்க்க வேண்டும். ஜலம், வீட்டார் குடிப்பதையே கொடுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஆகாது. கோடையில் இருமுறை மாற்றுக.

தேர்ந்தெடுத்தலும் வியாதியும்

கண் தெளிவாகவும், மூக்குத் துவாரம் உலர்ந்தும், மலத்துவாரத்து இறகு சுத்தமாகவும், மார்புச் சதை பருத்தும் உள்ள பறவையையே கொள்க. உடலை உப்பிக்கொண்டு தரையில் அமர்ந்திருப்பதும், மூச்சுவிடுகையில் வால் மேலும் கீழும் ஆடுவதும் நோயின் குறிகள். தானே தின்னத் தொடங்காத குஞ்சை, விலை குறைவென்று வாங்கலாகாது. வீட்டில் முன்பே பறவையிருப்பின், புதியதை 30 நாட்கள் வேறு அறையில் வைத்துப் பின்னரே சேர்க்க வேண்டும்.

கிளிக் காய்ச்சல் என்னும் தொற்றுநோய் பறவையிலிருந்து மனிதர்க்கும் வரும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென் அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதியான கிளிகளால் இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களைக் கொள்ளை கொண்டது. இன்று இதற்கு மருந்து உண்டு. எனினும் எச்சத்தை உலரவிட்டுப் பெருக்காமல், நீர் தெளித்துத் துடைப்பதும், பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவுவதும் கடமை. கூண்டைச் சுத்தம் செய்தவருக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறவாது சொல்லுக.

பறவை நோயை மறைக்கும் இயல்புடையது. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எங்கிருக்கிறார் என்பதை முன்னமே விசாரித்து வைக்க வேண்டும். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

முதல் பத்து நாட்கள்

காலையில் கொண்டுவந்தால் இருட்டுமுன் புதிய கூண்டைப் பழகிக்கொள்ளும். கடையில் தின்ற தானியத்தையே முதலில் கொடுத்து, மெதுவாக மாற்றுக. மூன்று நான்கு நாட்கள் கையை உள்ளே விட வேண்டாம். கூண்டருகே அமர்ந்து மெல்லப் பேசினாற் போதும். பின்னர்த் தினைக் கதிரைக் கையில் பிடித்து நீட்டினால் தானே அணுகும். வெளியே விடுமுன் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் கதவையும் சாத்தி, தண்ணீர் வாளிகளை மூடிவைக்க வேண்டும்.

வாங்கப் புறப்படுமுன் கீழ்க்கண்டவை ஆயத்தமா என்று பார்த்துக்கொள்க.

1. எந்தப் பறவை, எத்தனை என்னும் தீர்மானம். இனம் குறித்த ரசீதும் பதிவும் பற்றிய விவரம்.
2. கழுவி உலர்த்திய கூண்டு, இயற்கைக் கிளைகள், கதவுக்குக் கொக்கி.
3. புகையும் வெப்பமும் நூலும் அணுகாத இடம்.
4. மருந்து பூசாத தானியம், கடல்நுரை, நல்ல குடிநீர்.
5. பறவைகளைப் பார்க்கும் மருத்துவரின் விலாசம்.
6. வீட்டார் ஊருக்குச் செல்லும் நாட்களில் பார்த்துக்கொள்ள ஒருவர்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும், பறவை இன்னும் ஒரு மாதம் கடையிலேயே இருக்கட்டும். இன்று பள்ளியில் முதல் வகுப்பில் சேரும் குழந்தைக்காக வாங்கும் லவ்பேர்டு, அக்குழந்தை கல்லூரிக்குச் செல்லும் காலத்திலும் உயிரோடிருக்கக்கூடும். அதுவரை வைத்துக் காப்பாற்ற மனமும் வசதியும் உடையோர் தாராளமாக வாங்கி வளர்க்கலாம்.